கள்ள நோட்டும் நான்காவது ஆளும்



போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறான். "டீச்சர், கல்லாவுல ஒரு 500 ரூபா கள்ள நோட்டு விழுந்திருக்கு. யார் குடுத்தாங்கன்னே தெரியல. நாளைக்கு மார்க்கெட்ல கூட்டத்தோட கூட்டமா தள்ளி விட்டுரலாம்னு வீட்டுல சொல்றாங்க. தப்பா டீச்சர்?" என்றான்.

எட்டாம் வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் நாற்பது வயதிலும் "தப்பா டீச்சர்?" என்று கேட்கிறான் என்றால், அவனுக்கு நான் கொடுக்கும் பதில் ஒழுங்கான பதிலாக இருக்க வேண்டும். போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். விவரமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பாடம்தான். கடைசியில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதையும் படித்துவிட்டுப் போங்கள்.

கள்ள நோட்டு என்றாலே ரகசிய அறையில் மெஷின் வைத்து அச்சடிப்பவன்தான் நம் நினைவுக்கு வருவான். சினிமா பார்த்த பழக்கம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், கோர்ட்டுக் கூண்டில் அதிகம் நின்றவர்கள் அச்சடித்தவர்கள் இல்லை. அதைக் கையில் வைத்திருந்தவர்களும் கடையில் நீட்டியவர்களும்தான். இதற்கு இங்கிலாந்தில் 1797 முதல் 1821 வரை நடந்ததை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். 1797 பிப்ரவரியில் ஒரு சின்ன பிரெஞ்சுப் படை வேல்ஸ் கடற்கரையில் வந்து இறங்கியது. இரண்டே நாளில் சரணடைந்தும் விட்டது. ஆனால் வதந்திக்கு இரண்டு நாள் போதாதா? ஜனங்கள் வங்கிகளுக்கு ஓடினார்கள். "உன் காகிதத்தை நீயே வைத்துக்கொள், என் தங்கத்தைக் கொடு" என்று கேட்டார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கையிருப்புத் தங்கம் மளமளவென்று குறைந்தது. நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது.

அதுவரை அந்த வங்கியின் மிகச் சிறிய நோட்டே 5 பவுண்டு. அது ஏழைகள் கண்ணால் கூடப் பார்க்காத தொகை. அவர்கள் புழங்கியது நாணயம்தான். தங்கம் வெளியே வராமல் போகவே, வங்கி 1 பவுண்டு, 2 பவுண்டு நோட்டுகளை முதல்முறையாக அச்சடித்து வெளியிட்டது. ஒரு பவுண்டு என்பது ஒரு கூலியாளின் ஒன்றிரண்டு வாரச் சம்பளம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களின் கைக்குக் காகிதப் பணம் வந்தது அப்போதுதான்.

அந்த நோட்டு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைக் காகிதம், கறுப்பு மை, ஒரு பக்கம் மட்டும் அச்சு. நம் காந்தி நோட்டில் இருப்பது போலப் பாதுகாப்பு இழையோ நிறம் மாறும் மையோ கிடையாது. காகிதத்துக்குள் நீர்க்குறி இருந்தது, வங்கி அலுவலர் கையெழுத்து இருந்தது. செப்புத் தகட்டில் எழுத்து வெட்டத் தெரிந்த ஓரளவு கைத்திறமை உள்ள எவரும் அதைப் போல ஒன்றைச் செய்துவிடலாம். செய்தார்கள். பர்மிங்காம் பக்கம் மொத்த வியாபாரமாகவே நடந்தது. போர்க் கைதிகளாகப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்கள் கூடச் சிறைக்குள் இருந்தபடியே செய்திருக்கிறார்கள். மொத்த வியாபாரி குறைந்த விலைக்கு நோட்டை விற்பான். வாங்கியவர் அதைக் கடையில் கொடுத்து ரொட்டியோ துணியோ வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை நல்ல பணமாகப் பெற்றுக்கொள்வார். லாபம் அந்தச் சில்லறையில்தான்.

இப்போது யார் மாட்டுவார்கள், யோசியுங்கள். தகடு வெட்டியவன் எங்கோ இருக்கிறான். மொத்த வியாபாரி தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விற்பான். கடைக்காரர் முன்னால் நிற்பவர்தான் பிடிபடுவார். கடைக்குப் போவது யார்? பெரும்பாலும் பெண்கள். அதனால் பிடிபட்டவர்களில் பெண்கள் ஏராளம்.

தண்டனை என்ன? வங்கி நோட்டைப் போலியாகச் செய்தால் தூக்கு என்பது 1697-லேயே வந்த சட்டம். போலி என்று தெரிந்தே அதைச் செலவழித்தாலும் தூக்குதான். ஒரே ஒரு பவுண்டாக இருந்தாலும் தூக்கு.

1801-ல் இன்னொரு சட்டம் வந்தது. போலி நோட்டைத் தெரிந்தே, தக்க காரணம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். அதற்குத் தூக்கு இல்லை. 14 வருடம் நாடு கடத்தல். அதாவது கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். "பயன்படுத்துதல்" ஒரு குற்றம், "வைத்திருத்தல்" வேறொரு குற்றம் என்ற பிரிவினையை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இது பிறகு நம் ஊருக்கும் வரப்போகிறது.

அந்தக் காலத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து அரசாங்க வங்கி இல்லை, பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் நிறுவனம். 1946-ல்தான் அது அரசுடைமை ஆனது. வழக்குப் போட்டதும் அந்த வங்கியேதான், தன் சொந்தச் செலவில், தன் வக்கீல்களை வைத்து. வழக்குகளைக் கவனிக்க இயக்குநர்களின் குழு ஒன்று இருந்தது. யார் மீது எந்தக் குற்றத்தைச் சாட்டுவது என்று முடிவு செய்தது அந்தக் குழு. பலருக்கு ஒரு வழி காட்டப்பட்டது: "வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொள். 14 வருடம் கப்பல். மறுத்து வழக்காடித் தோற்றால் கயிறு." உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் நோட்டு வாங்கிய ஒருத்தி அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வாள்? சத்தியத்தைச் சொல்லி உயிரைப் பணயம் வைப்பாளா, பொய்யை ஒப்புக்கொண்டு கப்பலேறுவாளா? கயிற்றுக்குப் பயந்தே ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

நியூகேட் சிறையிலிருந்து இந்தப் பெண்கள் வங்கிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தங்களைச் சிறையில் தள்ளிய அதே வங்கிக்குத்தான் எழுதினார்கள். கைச்செலவுக்குக் காசு இல்லை, உடுத்தத் துணி இல்லை, பிள்ளையை என்னோடு கப்பலில் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். கப்பலேறும் பெண்களுக்கு வங்கி 5 பவுண்டு கொடுத்ததும் உண்டு. ஒரு பவுண்டு நோட்டுக்காகப் பிள்ளைகுட்டியை விட்டுக் கடல் தாண்டிப் போகிறவளுக்கு வழிச்செலவு 5 பவுண்டு. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கயிற்றுக்குப் போனவர்களில் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவன் பேச்சைக் கேட்டுக் கள்ள நோட்டை மாற்றியவள். சிறைக் கைதிகளுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இந்தப் பெண்ணைக் காப்பாற்ற மன்னர் குடும்பத்துப் பிரபு வரைக்கும் போனார், உள்துறை அமைச்சர் சிட்மத் பிரபுவிடமும் மன்றாடினார். அமைச்சருக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். 1818-ல் ஹாரியட் தூக்கிலிடப்பட்டாள்.

அந்த 24 வருடங்களில் வங்கி நோட்டுப் போலிக் குற்றத்துக்காக 300-க்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

கள்ள நோட்டு குறைந்ததா? இல்லை. நோட்டின் தரம் மாறாதவரை தூக்குக் கயிறு எதையும் தடுக்கவில்லை. மாறியது ஜனங்களின் மனம். 1818 கடைசியில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஜூரிகள் எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். "இது போலி என்று வங்கிக்காரர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?" வங்கியின் பரிசோதகர், அது ரகசியம், சொல்ல முடியாது என்றார். "நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கும் ரகசியம் இந்த ஏழைக்கு எப்படித் தெரியும்?" என்ற நியாயம் ஜூரிகளுக்கு உறைத்தது. விடுதலை செய்ய ஆரம்பித்தார்கள்.

1819 ஜனவரியில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற கேலிச் சித்திரக்காரர் ஒரு நோட்டை வரைந்தார். வங்கி நோட்டு மாதிரியே இருக்கும். ஆனால் அதில் வரிசையாகத் தூக்கில் தொங்கும் மனிதர்கள், பவுண்டு குறிக்குப் பதிலாகச் சுருட்டிய கயிறு, கையெழுத்துப் போட்டிருப்பவர் தூக்குப் போடும் ஆள்! சிறை வாசலில் ஒரு பவுண்டு நோட்டுக்காகப் பெண்கள் தொங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் இதை வரைந்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். அதை விற்ற கடை முன்னால் தெருவே அடைபட்டுப்போனது.

1821-ல் வங்கி மறுபடி தங்கம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு பவுண்டு நோட்டு புழக்கத்திலிருந்து போனது, வழக்குகளும் குறைந்தன. போலி ஆவணக் குற்றத்துக்கு இங்கிலாந்தில் கடைசித் தூக்கு 1829-ல். 1832-ல் பெரும்பாலான போலிக் குற்றங்களுக்கும், 1837-ல் முழுவதுமாகவும் மரண தண்டனை நீக்கப்பட்டது.

இங்கே ஒரு சின்னத் துணுக்கு. பிரான்சிஸ் கிரீன்வே என்ற கட்டடக் கலைஞர் ஒரு ஒப்பந்தப் பத்திரத்தைப் போலியாகச் செய்ததற்காக மரண தண்டனை பெற்று, அது 14 வருட நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1814-ல் சிட்னி போய்ச் சேர்ந்தார். அங்கே அருமையான கட்டடங்களைக் கட்டினார். 1966-ல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 10 டாலர் நோட்டில் யார் படம் தெரியுமா? அதே கிரீன்வேதான். போலிப் பத்திரக் குற்றவாளியின் முகம் நல்ல நோட்டில்!

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் கள்ள நாணயத்துக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 241-ஆம் பிரிவில் ஓர் உதாரணக் கதை உண்டு. கரும்பலகையில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு பேர். ஏ என்பவன் கள்ள ரூபாய் அடிக்கிறான். பி என்ற கூட்டாளியிடம் கொடுக்கிறான். பி அதை சி-க்கு விற்கிறான். சி தெரிந்தேதான் வாங்குகிறான். சி அதைக் கொடுத்து டி-யிடம் சரக்கு வாங்குகிறான். டி-க்கு ஒன்றும் தெரியாது. பிறகு டி-க்கு அது கள்ளக் காசு என்று தெரியவருகிறது. தெரிந்த பிறகும், நல்ல காசு போல வேறொருவரிடம் கொடுத்து விடுகிறார்.

டி குற்றவாளியா? ஆமாம் என்கிறது சட்டம். ஆனால் ஏமாந்து வாங்கியவர் என்பதால் தண்டனையைக் குறைத்து வைத்தது: அதிகபட்சம் 2 வருடம், அல்லது காசின் மதிப்பைப் போல 10 மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நான்காவது ஆளுக்கும் மனச்சாட்சி உண்டு, சபலமும் உண்டு என்று புரிந்துகொண்டு எழுதிய பிரிவு அது.

ரூபாய்த் தாள்களுக்கான பிரிவுகளில் பெரும்பாலானவை 1899-ல் சேர்ந்தன. 489 அ முதல் உ வரை என்று தமிழில் சொல்லலாம். கள்ளத் தாளைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஆயுள் தண்டனை அல்லது 10 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பயன்படுத்தும் எண்ணத்தோடு தெரிந்தே வைத்திருந்தால் 7 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். லண்டனில் பார்த்தோமே, அதே இரண்டு குற்றங்கள். ஆனால் நாணயத்தில் நான்காவது ஆளுக்குக் காட்டிய சலுகை இதில் வைக்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 178 முதல் 182 வரையிலான பிரிவுகள். பயன்படுத்துவது 179, வைத்திருப்பது 180. நோட்டு முறையான வழியில் வந்தது என்று நிரூபித்தால் 180-இன் கீழ் அது குற்றமாகாது என்று புதிய சட்டத்தில் விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல விஷயம்.

பயன்படுத்துதல், வைத்திருத்தல் என்ற இரண்டு பிரிவுகளிலும் அச்சாணி ஒன்றுதான்: "போலி என்று தெரிந்தோ, போலி என்று நம்பக் காரணம் இருந்தோ." சத்தீஸ்கர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 18 வயது மாணவன் ஒருவன் ஒரு கிலோ மாம்பழம் வாங்க 100 ரூபாய் நோட்டை நீட்டினான். கள்ள நோட்டு. அவனிடம் அதே மாதிரி இன்னும் சில நோட்டுகளும் இருந்தன. கீழ்க் கோர்ட் தண்டித்தது, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. கையில் இருந்தது என்பதோ, கடையில் கொடுத்தான் என்பதோ மட்டும் போதாது, போலி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றது. 1979-லேயே, தான் விற்ற புளிக்குக் கிடைத்த பணம் இது என்று சொன்ன ஒருவரின் கர்நாடக வழக்கிலும் இதே போன்ற நியாயம்தான். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியும் அளவுக்கு மட்டமான நோட்டு என்று நிரூபிக்காமல், அவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று ஊகிக்க முடியாது என்றது நீதிமன்றம். லண்டன் ஜூரிகளுக்கு 1818-ல் உறைத்த நியாயத்தின் வாசனை இதில் இல்லையா?

ஆகவே, குற்றம் காகிதத்தில் இல்லை. தெரிந்துகொண்ட அந்த நிமிடத்துக்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இனி என் கதை.

1994 என்று ஞாபகம். என் மூத்த மகளின் படிப்புக்கு டிராஃப்ட் எடுக்க வங்கிக்குப் போனேன். எண்ணிக் கொண்டுபோன கட்டில் ஒரு 100 ரூபாய் நோட்டை அந்தக் கவுன்ட்டரில் இருந்தவர் தனியாக எடுத்து, "டீச்சர், இது ஆகாது. வந்த இடத்துலயே குடுத்துடுங்க" என்று என் பக்கமே தள்ளினார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். செய்யக் கூடாததைச் செய்தார். அந்த நோட்டு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு 100 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறி.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பழக்கூடை வைத்திருந்த அம்மாவிடம் 30 ரூபாய்க்குப் பழம் வாங்கினேன். காடா விளக்கு வெளிச்சம். பஸ் வேறு கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த நோட்டைக் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். அந்த அம்மா திருப்பிக் கூடப் பார்க்கவில்லை. "டீச்சரம்மாதானே" என்று சொல்லி 70 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அதே இடத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்துப் பூக்காரியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எந்தப் பாவி குடுத்தானோ, மண்டியில நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. போலீசுல சொல்லுவேன்னு வேற மிரட்டுனாங்க. ரெண்டு நாளு பொழப்பு போச்சு." என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, பழம் இருக்கு" என்றார். அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. பழம் வாங்கினேன். கூடப் பணம் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன். "ஐயோ, கூட இருக்கு டீச்சர்" என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்தான் அந்த ஆள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

மண்டியில் அன்று போலீசைக் கூப்பிட்டிருந்தால் நின்றிருக்க வேண்டியது அந்த அம்மாதான், நான் இல்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் சொல்வதை யார் நம்பியிருப்பார்கள்? அன்று பகலில் வகுப்பில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்பது ஞாபகம் இல்லை. இது மட்டும் முப்பது வருடமாக ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கே இப்போதுதான் தெரியும்.

என்னிடம் ஒழுக்கம் கற்றதாக வாழ்த்துச் செய்தி அனுப்புகிறீர்களே, அதனால்தான் இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

கடைசியாக, உங்கள் கைக்கு அப்படி ஒரு நோட்டு வந்தால் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் வங்கிக்கு எடுத்துப் போங்கள். போலி என்று தெரிந்தால் வங்கி அதைத் திருப்பித் தரக் கூடாது. கள்ள நோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, உங்களுக்கு ரசீது தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதி அது. பணத்துக்கு ஈடு கிடைக்காது. ஒரே தடவையில் 4 நோட்டு வரை என்றால் வங்கி மாதாமாதம் போலீசுக்கு அனுப்பும் மொத்த அறிக்கையில் அது சேர்ந்துவிடும். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் வங்கி போலீசில் புகார் கொடுத்து வழக்குப் பதிவாகும். அப்போதும் எப்படி வந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பில், கணக்கு நோட்டு இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். யார் கொடுத்தது என்று நிச்சயமாகத் தெரியாமல் எவரையும் கைகாட்டி விடாதீர்கள்.

மளிகைக் கடைப் பையன் புதன்கிழமை வங்கிக்குப் போயிருக்கிறான். ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, "500 ரூபா போச்சு டீச்சர்" என்று எழுதியிருந்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது உன் கடையில்தான் மாதச் சாமான் வாங்குவேன் என்று பதில் போட்டேன். நீங்களும் அந்தப் பக்கம் போனால் வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்